‘அந்தப் பெண்ணை என் டீமுக்குக் கொடுங்க’

1995இல் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எம்.சி.ஏ. படிக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கல், சிவில் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அப்பத்தாவில் தொடங்கி அத்தைமார் வரை அத்தனை பேரும் குறுக்கே விழுந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் என்றதும் சம்மதித்துவிட்டார்கள். “பொம்பளப் பிள்ளைக்கு ஏத்த படிப்பு. வெயில் இல்ல, மழை இல்ல, ஏ.சி. ரூம்ல உக்காந்து பாக்குற வேல” என்றார் சித்தப்பா. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். சிவகாசி, அருப்புக்கோட்டை, தேனி, பரமக்குடி என்று சுற்று வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். ஆய்வகத்தில் கணினிகள் போதாமல் ஒரு கணினிக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று உட்கார்ந்து ‘சி’ மொழியில் நிரல் எழுதினோம். இந்தப் படிப்பு பெண்களுக்கு வராது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. எங்களுக்கும் அப்படித் தோன்றியதில்லை.

பிற்பாடு அமெரிக்க நிலவரத்தைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அங்கே 1980களின் நடுவில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பேர் பெண்கள். அதன் பிறகு அந்த விகிதம் சரிந்துகொண்டே வந்து, 2010 வாக்கில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. வீட்டுக் கணினி வந்ததும் அதைப் பையன்களுக்கான பொருளாக விற்றார்கள், கல்லூரிக்குள் நுழையும்போதே பெண்கள் பின்தங்கிப் போனார்கள் என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். நம் ஊர்க் கதை வேறு. நம் பெண்கள் தயங்காமல் படிக்க வந்தார்கள், கூட்டமாக வேலைக்கும் வந்தார்கள். இன்றைக்கு இந்தியாவின் ஐ.டி. துறையில் வேலை பார்ப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். ஆனால் மேலே போகப்போக அவர்களைக் காணோம். என்னோடு எம்.சி.ஏ. படித்தவர்களில் நன்றாகப் படித்த பெண்கள் பலர் முப்பது, முப்பத்திரண்டு வயதுக்குள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். திறமை குறைந்தா நின்றார்கள்? அவர்களில் சிலருடைய நிரல்களைப் பார்த்துத்தான் நான் நிரல் எழுதவே கற்றேன்.

கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தத் துறையில் இருந்துவிட்டேன். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பெண்ணுக்கு அறிவுரை சொல்ல எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது. தைரியமாக இரு, தன்னம்பிக்கையோடு பேசு, வீட்டையும் வேலையையும் சமாளி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதிகாரம் உள்ள ஒருவர் தன் வாக்கைப் பணயம் வைத்து, கடினமான வேலையை அவள் கையில் கொடுத்து, அவள் இல்லாத கூட்டத்தில் அவளுக்காகப் பேசுவதுதான் அரிது. நான் இந்தத் துறையில் நிலைத்ததற்கு எனக்கு அப்படி ஒருவர் கிடைத்ததுதான் காரணம்.

நான் சென்னைக்கு வந்தது 1998இல். தரமணியில் டைடல் பார்க் திறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. மென்பொருள் நிறுவனங்கள் அண்ணா சாலையிலும் நுங்கம்பாக்கத்திலும் ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு தளம், மூன்று தளம் என்று வாடகைக்குப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தன. அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். தங்கியது சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில். இரவு எட்டரை மணிக்கு அங்கே கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

அது ஒய்2கே காலம். நினைவகம் விலை அதிகமாக இருந்த 1960, 70களில் எழுதிய நிரல்களில் ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கம்தான் வைத்திருந்தார்கள். 1998 என்பது 98. நூற்றாண்டு திரும்பியதும் 00 வரும், அதை 1900 என்று எடுத்துக்கொண்டு கணினி கணக்கைக் குழப்பிவிடும் என்பதுதான் பயம். அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருந்த கோடிக்கணக்கான வரி கோபால் (COBOL) மொழி நிரல்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உட்கார்ந்து, தேதி வருகிற ஒவ்வொரு இடத்தையும் தேடித் தேடித் திருத்தினோம். 50க்குக் கீழே இருந்தால் 2000 என்று கொள், மேலே இருந்தால் 1900 என்று கொள் என்பது போன்ற விதிகளைச் சேர்த்தோம். எங்களுக்கு முந்தின தலைமுறை கைவிட்ட மொழி என்று சிலர் கோபாலை இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அந்த மொழியைப் பிடித்திருந்தது. ஏழாவது நெடுவரிசையில் நட்சத்திரக் குறி போட்டால் அது குறிப்புரை, எட்டாவதில் தொடங்கினால் தலைப்பு, பன்னிரண்டாவதில் தொடங்கினால் கட்டளை என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அப்பாவின் பேரேட்டைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த ஒழுங்கு சுலபமாக வந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரை மேடம் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். விளம்பரத்தை விரும்பாதவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். துளையட்டையில் நிரல் எழுதிப் பழகியவர். கைத்தறிப் புடவை, பின்னல், காலில் ரப்பர் செருப்பு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் தளத்தில் இருந்த மேலாளர்களில் அவர் ஒருவர்தான் பெண்.

எங்களுக்கு ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் வேலை. அவர்களுடைய இரவு நேரத் தொகுப்பு ஓட்டம் எங்களுக்குப் பகலில் நடக்கும். ஆனால் மாதக் கடைசியில் நடக்கும் பெரிய ஓட்டத்தைச் சோதிக்கும்போது இரவு பகல் பார்க்க முடியாது. அப்படி ஒரு சோதனையில் பிரீமியம் கணக்கிடும் நிரல் பாதியில் நின்றுவிட்டது. எஸ்0சி7 என்ற பிழை. மெயின்ஃபிரேமில் வேலை பார்த்தவர்கள் ‘சாக் செவன்’ என்பார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அனுபவசாலிகள் இரண்டு பேர் அது தேதித் திருத்தத்தில் வந்த கோளாறு என்று முடிவுகட்டி, நாங்கள் திருத்திய வரிகளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டார். “டம்ப் படிப்பியா?” என்று கேட்டார். “படிச்சதில்ல மேடம்.” “இப்ப படி. நான் பக்கத்துல இருக்கேன்.”

டம்ப் என்பது நிரல் நின்ற நேரத்தில் நினைவகத்தில் இருந்ததன் அச்சு. தொடர்தாளில் அது ஒரு கத்தை இருந்தது. அதில் வரிவரியாகப் பதினறும எண்கள். நிரல் நின்ற முகவரியிலிருந்து நிரல் ஏற்றப்பட்ட முகவரியைக் கழிக்க வேண்டும். வரும் விடையை கம்பைல் லிஸ்டிங்கில் தேடினால் எந்தக் கட்டளையில் நின்றது என்று தெரியும். அவர் ஒரு தடவை சொன்னார், நான் பென்சிலால் கழித்தேன். கட்டளை கிடைத்தது. அது பயன்படுத்திய புலம் எது, அது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன். அந்த இடத்தில் 404040 என்று இருந்தது. அந்த இயந்திரத்தின் குறியீட்டில் 40 என்றால் வெற்றிடம். மூன்று வெற்றிடங்கள். தொகை வந்திருக்க வேண்டிய இடத்தை, எங்கிருந்தோ வந்த கோப்பு ஒன்று காலியாக விட்டுவிட்டு அனுப்பியிருக்கிறது. தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் திருத்தத்தில் தவறும் இல்லை.

மேடம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்து அவர் செய்ததுதான் பெரிது. இரவு பத்தரை மணிக்கு வாடிக்கையாளரோடு தொலைபேசி அழைப்பு. அறையின் நடுவில் ஸ்பீக்கர் போன். எதிர்முனையில் நாலைந்து பேர். வழக்கமாகக் குழுத் தலைவர்தான் பேசுவார், கண்டுபிடித்தவர் சுவரோரம் நின்றுகொண்டிருப்பார். மேடம் என் பெயரைச் சொல்லி, இந்தப் பெண்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள், அவளே விளக்குவாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கல்லூரி இறுதியாண்டு வரை ஆங்கிலத்தில் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசியறியாதவள் நான். ஆனால் 404040 எந்த மொழியிலும் 404040தான். முகவரி, கட்டளை, புலம், கோப்பு என்று வரிசையாகச் சொன்னேன். எதிர்முனையிலிருந்து ஒருவர் என் பெயரைத் திரும்பக் கேட்டு, எழுத்துக்கூட்டி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கோப்புகளைப் பற்றிய கேள்விகள் எனக்கே நேரடியாக வரத் தொடங்கின. அந்த அழைப்பை அவரே பேசி முடித்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். நான் மட்டும் இன்னும் ஓராண்டு சுவரோரமே நின்றிருப்பேன்.

அன்று விடுதிக்கு எப்படிப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அழைப்பு முடியும்போது பதினொன்றரை. மேடம் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டு, வார்டன் அம்மாவை எழுப்பிப் பேசினார். மறுநாள் காலை அவர் செய்த முதல் காரியம் நிர்வாகப் பிரிவுக்குப் போனது. எட்டு மணிக்கு மேல் வேலை பார்க்கும் பெண்களுக்கு நிறுவனமே வேன் ஏற்பாடு செய்ய வேண்டும், விடுதிகளுக்கு நிறுவன முத்திரையோடு கடிதம் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டார். செலவு என்று இழுத்தார்கள். இந்தச் செலவு முடியாது என்றால் மாதக் கடைசிச் சோதனையைப் பெண்கள் செய்ய முடியாது, அப்படியானால் என் குழுவில் பாதிப் பேர் இல்லை, வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாராம். இரண்டு வாரத்தில் வேன் வந்தது. “நான் கார்ல விடுறது உனக்கு ஒரு நாள் உதவி. நான் இல்லாத அன்னிக்கு என்ன பண்ணுவ?” என்று என்னிடம் சொன்னார். தயவு வேறு, ஏற்பாடு வேறு என்பதை அவரிடம்தான் படித்தேன். இன்று சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனங்களில் இரவு வேலைக்கு வண்டி, கூடவே காவலர், கடைசியாக இறங்குவது பெண்ணாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் சாதாரண நடைமுறை. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ ஒருவர் எழுத்தில் கேட்டிருக்கிறார். சில, கேட்டும் கிடைக்காமல், ஓர் உயிர் போன பிறகு வந்தவை.

கிண்டி பொறியியல் கல்லூரியின் பழைய வரலாற்றை நான் படித்தது பல ஆண்டுகள் கழித்து. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று சொல்லப்படும் அ. லலிதா அங்கே படித்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நாலு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வராக இருந்தவர் கே.சி. சாக்கோ. அப்பா போய்க் கேட்டார், முதல்வர் சம்மதித்தார். 1940இல் லலிதா சேர்ந்தார். லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பின்னாளில் லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்பொறியியல் வேலைகளில் பங்கெடுத்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர் விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போய்வந்தார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவி வரை உயர்ந்தார். அந்த மூன்று பேரின் துணிச்சலைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். என் கண் போனது சாக்கோ மீது. அன்றைய சென்னையில் ஓர் இளம் விதவையைப் பொறியியல் வகுப்பில் உட்கார வைத்தால் யார் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இருந்தார், போட்டார்.

2003இல் எனக்கு மகள் பிறந்தாள். அன்றைய சட்டப்படி மகப்பேறு விடுப்பு 12 வாரம். அதற்குள் நான் வேறொரு நிறுவனத்துக்கு மாறியிருந்தேன். விடுப்பு முடிந்து திரும்பியபோது என் இருக்கையில் வேறொருவர் இருந்தார். என் மாட்யூலும் அவரிடம் போயிருந்தது. எனக்குக் குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லை, ‘பெஞ்ச்’. அந்த ஆண்டு மதிப்பீட்டில் எனக்குக் கடைசிக்கு முந்தின தரம். ஏன் என்று கேட்டேன். ஆண்டில் மூன்று மாதம் நீங்கள் இல்லையே, யாரையாவது கீழே வைக்க வேண்டும் அல்லவா என்று மேலாளர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அது வெறும் கூட்டல் கழித்தல். விடுப்புக்கு முன்னால் ஒன்பது மாதம் நான் பார்த்த வேலை அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அந்த நாட்களை இன்றைக்கும் உடம்பு மறக்கவில்லை. குழந்தை வேளச்சேரியில் மாமியாரிடம். பதினோரு மணி வாக்கில் பால் கட்டி மார்பு கனக்கும். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவேன். குழந்தைக்குப் போக வேண்டிய பால். அதை எடுத்துவைக்க ஓர் அறையோ குளிர்பெட்டியோ அந்தத் தளத்தில் கிடையாது. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை, கேட்கலாம் என்று யாரும் சொன்னதும் இல்லை. வீட்டுக்குப் போனால் அத்தை, “எதுக்கும்மா இந்தப் பாடு? ரெண்டு வருஷம் கழிச்சுப் போயேன்” என்பார். அன்பாகத்தான் சொல்வார். இரண்டு வருடம் கழித்து இந்தத் துறைக்குத் திரும்புவது எத்தனை கடினம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

மேடமும் அதற்குள் அதே நிறுவனத்துக்கு வந்து வேறொரு பிரிவுக்குத் தலைவராகியிருந்தார். என் தரத்தைப் பற்றி அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லவில்லை. நேராக ஆள் ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்குப் போய், புதிதாக வந்த வங்கித் திட்டத்துக்கு “அந்தப் பெண்ணை என் டீமுக்குக் கொடுங்க” என்று கேட்டார். ரேட்டிங் குறைவாக இருக்கிறதே என்றார்களாம். “அவ வேலை எனக்குத் தெரியும். தப்பாப் போனா என் பேர்ல எழுதிக்கோங்க” என்றாராம். இதை எனக்குச் சொன்னது அந்தக் கூட்டத்தில் இருந்த இன்னொருவர், அதுவும் ஓராண்டு கழித்து. மேடம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “திங்கட்கிழமை என் ஃப்ளோருக்கு வந்துடு. செட்டில்மென்ட் மாட்யூல் உன்னோடது. ஆறு மணிக்குக் கிளம்பிடணும், சொல்லிட்டேன்.” அந்தத் திட்டத்தில் கடினமான பகுதி அதுதான். பிள்ளை பெற்று வந்தவள் என்று இரக்கப்பட்டு லேசான வேலையைக் கொடுத்திருந்தால் நான் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருப்பேன்.

2017இல் சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயமானது. தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்றும் எழுதினார்கள். மனம் நிறைய வரவேற்றேன். ஆனால் எங்கள் துறையில் அந்த 26 வாரச் சம்பளம் முழுக்க முழுக்க நிறுவனத்தின் தலையில் விழுகிறது. தகப்பனுக்குத் தனியார் துறையில் ஒரு நாள் விடுப்புகூடச் சட்டத்தில் இல்லை. ஆக, பெண்ணை எடுத்தால்தான் செலவு என்ற எண்ணம் சில மேலாளர்களின் மனத்தில் முன்னைவிட ஆழமாக இறங்கிவிட்டது. செலவைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும், தகப்பனும் வீட்டில் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விடுப்பை மட்டும் நீட்டினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

நானும் மேலாளரான பிறகு அந்தக் கூட்டங்களில் உட்காரத் தொடங்கினேன். ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. இத்தனை சதவீதம் பேருக்கு முதல் தரம், இத்தனை சதவீதம் பேர் கடைசித் தரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள். மேலாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, திரையில் பெயர்களை ஓடவிட்டு, இவரை ஏற்று, அவரை இறக்கு என்று பேசி முடிப்பார்கள். ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு நிமிடத்தில் யாராவது உங்களுக்காகப் பேச வேண்டும். பேசாவிட்டால் உங்கள் ஓராண்டு உழைப்பு மௌனமாகக் கீழே இறங்கிவிடும். பெண்களின் பெயர் வரும்போது வரும் வாசகங்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். நல்ல பொண்ணு, ஆனா அமைதி. வேலை சுத்தம், ஆனா லீடர்ஷிப் பத்தல. கல்யாணம் நிச்சயமாயிருக்கு, இருப்பாங்களான்னு தெரியல.

2016இல் என் குழுவில் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி, அரசுப் பள்ளி. அரசு கொடுத்த மடிக்கணினியில் தானாகவே லினக்ஸ் பழகிக்கொண்டவள். பணம் செலுத்தும் அமைப்பு ஒன்றில் மணிக்கணக்கில் தேங்கிய பரிவர்த்தனைகளை அவள் எழுதிய வினவல் ஒன்று நிமிடங்களுக்குள் கொண்டுவந்தது. அந்த அமைப்பை வாடிக்கையாளர் இடத்தில் நிறுவ ஆன்சைட் போக வேண்டியிருந்தது. லண்டனில் ஆறு மாதம். பட்டியலில் ஒரு பையன் பெயர். நல்ல பையன்தான், ஆனால் அந்த வினவலை அவன் எழுதவில்லை.

“அந்தப் பொண்ணு பேரு ஏன் இல்ல?” என்று கூட்டத்தில் பட்டியலைக் கொண்டுவந்த மேலாளரிடம் கேட்டேன்.

“போன மாசம்தான் மேடம் கல்யாணம் ஆச்சு. போவாங்களா?”

“கேட்டீங்களா?”

“இதப் போய்க் கேக்கணுமா மேடம்? நாமளே அவங்களுக்குச் சங்கடம் குடுத்த மாதிரி ஆயிடும்.”

“வேணாம்னு சொல்றதா இருந்தா அவ சொல்லட்டும். அவளுக்குப் பதிலா நாம சொல்ல வேணாம்.”

கூட்டத்தை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டோம். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் காலை பாஸ்போர்ட் நகலோடு வந்து நின்றாள். கணவர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், “ஆறு மாசம்தானே, போயிட்டு வா” என்றாராம். அவளுடைய மாமனாருக்குத்தான் கொஞ்சம் வருத்தம், அதுவும் குளிரில் பெண் கஷ்டப்படுவாளே என்று. மேலாளர் ஒரே விநாடியில் ஊகித்த குடும்பத்துக்கும் நிஜக் குடும்பத்துக்கும் எவ்வளவு தூரம்! அவள் ஆறு மாதத்துக்குப் போய் ஓராண்டு இருந்துவிட்டு வந்தாள்.

ஒவ்வொரு மார்ச் 8ஆம் தேதியும் நிறுவனங்களில் கோலப் போட்டி, ரோஜாப்பூ, யாராவது ஒரு பிரமுகரின் சொற்பொழிவு நடக்கிறது. பேச என்னையும் கூப்பிடுகிறார்கள். போகிற இடத்தில் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் உயர் அதிகாரிகள் எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரே ஆண்டில் சேர்ந்த ஆண்கள் பெண்களின் சம்பளப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடைசி மூன்று ஆண்டுகளில் ஆன்சைட் போனவர்கள் யார், மகப்பேறு விடுப்பிலிருந்து வந்தவர்களுக்கு முதல் மதிப்பீட்டில் என்ன தரம் கிடைத்தது, டெஸ்டிங்கும் ஆவண வேலையும் யாரிடம் போகின்றன, மையமான மாட்யூல்கள் யாரிடம் போகின்றன என்று பாருங்கள். ஓர் இடத்தில் உண்மையாகவே அப்படிச் செய்தார்கள். விடுப்பில் இருந்த மாதங்களை விட்டுவிட்டு, இருந்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிட வேண்டும் என்று அந்த ஆண்டே விதி எழுதினார்கள். அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

வேலையின் அமைப்பையே மாற்ற முடியாது, அது அப்படித்தான் என்பவர்களிடம் நான் ஸ்டீஃபனி ஷெர்லியைப் பற்றிச் சொல்வேன். நாஜிகளிடமிருந்து தப்பி, 1939இல் குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். 1962இல் தன் வீட்டு மேசையில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். பிள்ளை பெற்றதும் வேலையை இழந்த பெண் நிரலாளர்களைத் தேடித் தேடிச் சேர்த்து, அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். பெண் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராததால் ஸ்டீவ் என்று கையெழுத்திட்டார். அவர் சேர்த்த முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே பேர். கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான நிரல் வேலை அந்தப் பெண்கள் செய்தது. வீட்டிலிருந்து பார்த்தால் வேலை நடக்காது என்று 2020 மார்ச்சில் ஊரடங்கு வரும் வரை என்னிடம் வாதாடியவர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

சின்ன மாற்றங்களே போதும் என்கிற இடங்களும் உண்டு. எங்கள் திட்டம் ஒன்றில் அமெரிக்கக் குழுவோடு தினமும் இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு. குழந்தைகளைத் தூங்கவைக்கும் நேரம். இரண்டு பெண்கள் அதனாலேயே வேறு திட்டம் கேட்டார்கள். அமெரிக்க மேலாளரிடம் நேரடியாகக் கேட்டேன், உங்கள் காலை ஏழரைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று. நமக்கு அது கோடையில் மாலை ஐந்து, குளிர்காலத்தில் ஆறு. அவர் உடனே சரி என்றார். அவருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடும் வேலை இருந்ததாம், வேலையை முன்னதாகத் தொடங்கினால் நடுவில் போய்வர வசதி என்றார். அதுவரை பல ஆண்டுகளாக ஒன்பது மணிதான். யாரும் கேட்டதில்லை.

மேடம் ஓய்வுபெற்று இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார். போன தீபாவளிக்குப் பேசியபோது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு நாள் பெண்களுக்கு டேட்டாபேஸ் வகுப்பு எடுப்பதாகச் சொன்னார். “பாடம் நல்லாப் படிக்கிறாளுங்க. வேலைக்குப் போன அப்புறம் யார் கையில மாட்டுவாளுங்களோன்னுதான் கவலை” என்றார்.

லண்டன் போய்வந்த அந்தப் பெண் இப்போது என் பிரிவில் மேலாளர். இந்த முறை ஆர்க்கிடெக்ட் பதவி உயர்வுப் பட்டியலுக்கு அவள் கொடுத்திருக்கும் முதல் பெயர், இப்போது மகப்பேறு விடுப்பில் இருக்கும் ஒருத்தியுடையது. பெயரைச் சேர்க்கும் முன் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். “நான் திரும்ப வர இன்னும் நாலு மாசம் ஆகுமே அக்கா, பரவாயில்லையா?” என்றாளாம். நாலு மாதத்தில் அந்தப் பதவி எங்கும் ஓடிவிடாது என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். விடுப்பில் இருப்பவள் வடிவமைத்த இரண்டு அமைப்புகளின் ஆவணங்களையும், சென்ற ஆண்டு அவற்றால் மிச்சமான செலவுக் கணக்கையும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து தொகுத்துவிட்டோம். ஆள் இல்லாதபோது எப்படிப் பதவி உயர்வு என்ற கேள்வி நிச்சயம் வரும். பதவி உயர்வு செய்து முடித்த வேலைக்கு, அந்த வேலையின் முழு விவரமும் இதோ மேசை மேல் இருக்கிறது என்று சொல்லப்போகிறோம். கூட்டம் வரும் வியாழக்கிழமை.